இன்னும் உறவு இருக்கிறது

சரிபாக்கற வேலைங்க தம்பி. கணக்குச் சரிபாக்கறது இல்ல, எழுதினதைச் சரிபாக்கறது. கம்பெனி ஒரு சாஃப்ட்வேர் செஞ்சு விக்குதுன்னு வைங்க. வாங்கறவன் அதை எப்படி ஓட்டணும்னு விளக்கம் எழுதித் தரணுமில்ல? எழுதறது ஒருத்தர். எழுதினது சரியான்னு ஒவ்வொரு வரியா ஓட்டிப் பாத்து ஒப்புதல் குடுக்கறது நான். நான் குடுக்காம ஒரு பக்கம் வெளிய போகாது. கோயமுத்தூர்ல எங்க ஆபீசுல வந்து கேட்டுப் பாருங்க. குருநாதன் சார் கமாவைக்கூட விடமாட்டாருன்னு சொல்லுவாங்க. நல்லபடியாச் சொல்றாங்களோ, நொந்து போய்ச் சொல்றாங்களோ, எனக்குத் தெரியாது.

தள்ளி உக்காருங்க, வெயில் உங்க பக்கம் அடிக்குது. பல்லடம் தாண்டினா மாறிரும்.

எங்க சாஃப்ட்வேர் கிராஃப் டேட்டாபேஸ்ங்க. பேருதான் பெருசு, விஷயம் சுலபம். ஒரு ஆளுக்கு ஒரு வட்டம். ஒரு ஊருக்கு ஒரு வட்டம். வட்டத்துக்கும் வட்டத்துக்கும் நடுவுல கோடு. கோட்டு மேல பேரு எழுதியிருக்கும். தங்கச்சி, சம்சாரம், சொந்த ஊரு, இன்னது புடிக்கும், இப்படி. நம்ம சொந்தபந்தம் மாதிரியேதான். யாரு யாருக்கு என்ன வேணும்னு கேட்டா கோட்டைப் புடிச்சுக்கிட்டே போய்ச் சொல்லிரும்.

விளக்கம் எழுதணும்னா மாதிரிக்குக் கொஞ்சம் டேட்டா வேணுமில்ல? ஆரம்பத்துல அதைச் செஞ்சவன் நான்தான். முகம் தெரியாத பேரையெல்லாம் எதுக்குப் போடணும்னு எங்க வீட்டு ஆளுங்களையே போட்டுட்டேன். நான், என் சம்சாரம் கோகிலவாணி, அவ தங்கச்சி வளர்மதி, தாராபுரம், அவளுக்குப் புடிச்ச கம்மங்கூழு, பால்கனில அவ வளத்த மணி பிளான்ட்டு. வீட்டு லேப்டாப்புலயே வச்சிருப்பேன். ஒவ்வொரு தடவை சாஃப்ட்வேர் புதுசா வெளிவரும்போதும் அப்படியே கொண்டுபோய் ஆபீசுல ஏத்திருவேன். வருஷக்கணக்கா அதுதான் ஓடுது. எந்த தேசத்துலயோ ஒருத்தன் உக்காந்து கோகிலவாணிக்கு என்ன புடிக்கும்னு கேட்டுக் கேட்டு வேலை கத்துக்கறான். சொன்னா அவ சிரிப்பா. ஒருநாள், எனக்கும் அதை எப்படிப் போடறதுன்னு காட்டுங்கன்னா. காட்டினேன். டக்குனு புடிச்சுக்கிட்டா. கெட்டிக்காரி. பன்னெண்டாவது வரைக்கும்தான் படிச்சவ, ஆனா கெட்டிக்காரி.

போன வருஷம் பங்குனில போயிட்டா. மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருச்சுன்னாங்க. காலைல காப்பி போட்டுக் குடுத்தவ மத்தியானம் இல்ல.

அது இருக்கட்டும். நான் சொல்ல வந்தது அது இல்லீங்க. ஜெஸிந்தான்னு ஒரு பொண்ணைப் பத்தி.

நாகர்கோவில் பக்கம் அவளுக்கு. எழுதறதுக்குன்னு புதுசா எடுத்தாங்க. வேலை இன்னும் நிரந்தரம் ஆகல, ஒரு பெரிய அத்தியாயத்தை உருப்படியா முடிச்சுக் காட்டணும். அவளுக்கு விழுந்தது அழிக்கற அத்தியாயம். உள்ள இருக்கற டேட்டாவை எப்படி அழிக்கறதுன்னு. ஆடி மாசம் எங்கிட்ட அனுப்பினா. தொறக்கறேன், முதல் பக்கத்துல முதல் உதாரணம்: கோகிலவாணியை அழி.

திருப்பி அனுப்பிட்டேன். அதுல ஒரு வாக்கியம் ரொம்ப நீளமுங்க. படிக்கறவன் மூச்சு வாங்குவான். திருத்தி அனுப்பினா. தலைப்பு சரியில்ல, திருப்பினேன். படம் மங்கலா இருந்துச்சு, திருப்பினேன். அப்புறம் 'அழி'ங்கற சொல்லே கொஞ்சம் முரட்டுத்தனமா இருக்கு, 'நீக்கு'ன்னு போடும்மான்னேன். சார், கம்ப்யூட்டருக்குக் குடுக்கற உத்தரவே அந்தச் சொல்லுதான் சார், நான் எப்படி மாத்தறதுன்னா. நியாயம்தான். வேற ஒரு தப்புக் கண்டுபிடிச்சுத் திருப்பினேன். அவ மேல எனக்கு ஒரு கோவமும் இல்லீங்க. தரம். எனக்குத் தரம்தான் முக்கியம்.

ஐப்பசி மழை புடிச்சிருச்சு, அத்தியாயம் எங்கிட்டயேதான் கெடக்குது. ஒருநாள் நேராவே வந்து நின்னுட்டா. கண்ணெல்லாம் செவந்து கெடக்கு.

"சார், என்ன தப்புன்னு ஒரேயடியாச் சொல்லிருங்க. நான் ராவும் பகலும் இருந்து திருத்தியிருவேன். இது முடியலன்னா என்னை அனுப்பிருவாங்க சார்."

"ஏம்மா, அத்தனை வட்டம் இருக்கே. இந்த வட்டத்தை எதுக்கு எடுத்தே? தாராபுரத்தை அழியேன். கம்மங்கூழை அழி."

"அதுக்கெல்லாம் ஒத்தைக் கோடுதான் சார் இருக்கு. இந்தக் கோகிலவாணிக்குத்தான் எல்லாப் பக்கமும் கோடு போகுது. இவங்களை எடுத்தாத்தான் அழிக்கறது எவ்வளவு கஷ்டம்னு படிக்கறவங்களுக்குப் புரியும்."

அந்த டேட்டாவுல இருக்கற குருநாதன் நான்தான்னு அவளுக்குத் தெரியாதுங்க. புதுசா வந்தவளுக்கு எப்படித் தெரியும்? நானும் சொல்லல. வீட்டு விஷயத்தை ஆபீசுல பேசற பழக்கம் எனக்கு என்னைக்குமே கெடையாது.

அந்த அத்தியாயத்துல ஒரு சங்கதி இருக்கு, கேளுங்க. ஒரு வட்டத்துல கோடு இருக்கறவரைக்கும் அதை அழிக்க முடியாது. கம்ப்யூட்டர் ஒத்துக்காது. 'இன்னும் உறவு இருக்கிறது, முதலில் அதை நீக்கு'ன்னு சொல்லும். ஏன்னா கோட்டோட ஒரு நுனி அந்தரத்துல தொங்கக் கூடாது. அதனால ரெண்டு வழி. ஒவ்வொரு கோடா அறுத்துட்டுக் கடைசியா வட்டத்தை அழிக்கலாம். இல்லன்னா ஒரே உத்தரவுல கோட்டோட சேத்துப் பிடுங்கிரலாம். ரெண்டாவது வழிதான் சுளுவு. ஆனா என்னென்ன பிடுங்கிட்டு வருதுன்னு நமக்குத் தெரியாமப் போயிரும்.

எங்க மேனேஜர் ஹரிஹரன் கடைசில பொறுமை போய் மீட்டிங் போட்டுட்டாரு. குருநாதன், உங்களால மொத்தமும் நிக்குது, எது தப்போ இங்கயே ஓட்டிக் காட்டுங்கன்னாரு. எனக்கு ரோஷம் வந்துருச்சு. முதல் வழியே வேலை செய்யாது, அவ எழுதினது தப்புன்னு சொல்லிட்டேன். எதை வச்சுச் சொன்னேன்னு கேக்காதீங்க. சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு லேப்டாப்பை இழுத்து ஓட்டப் போனா. இல்ல, குடு, நான் ஓட்டறேன்னேன். ஏனுங்க, நான் போட்ட கோடு, நான்தானே அறுக்கணும்?

கம்மங்கூழு. போச்சு. மணி பிளான்ட்டு. போச்சு. தாராபுரம் போச்சு. வளர்மதி போச்சு. எல்லாம் மனப்பாடமுங்க எனக்கு, பாத்து அடிக்க வேண்டியதே இல்ல. கடைசியா எனக்கும் அவளுக்கும் நடுவுல இருந்த கோடு. சம்சாரம். அதையும் அறுத்தேன். இனி அவளுக்கு யாரும் இல்ல, ஒண்ணும் இல்ல, வெறும் வட்டம். அழின்னு குடுத்தேன்.

மாட்டேன்னுருச்சு.

இன்னும் உறவு இருக்கிறதுன்னு செவப்பு எழுத்துல வந்து நிக்குது. எனக்கு எப்படி இருந்துச்சுங்கறீங்க! பாத்தீங்களா, பாத்தீங்களான்னு எந்திரிச்சே நின்னுட்டேன். நான்தான் சொன்னேனே, அழியாதுன்னு! ஆடி மாசத்துல இருந்து சொல்றேனே!

ஜெஸிந்தா மெதுவா, "மிச்சம் என்ன உறவு இருக்குன்னு அதுகிட்டயே கேட்டுருவோம் சார்"ன்னா.

கேட்டா. ஒரே ஒரு கோடு வந்துச்சு. கோட்டு மேல 'மகள்'னு இருந்துச்சு. அந்தப் பக்கம் ஒரு வட்டம். அமுதினி.

ஹரிஹரன் என்னையே பாத்தாரு. "குருநாதன், உங்களுக்குக் கொழந்தைங்க இல்லதானே?"

"இல்ல. தப்பான டேட்டா. யாரோ கை வச்சிருக்காங்க"ன்னேன்.

அந்தப் பொண்ணு அமுதினி வட்டத்தைத் தட்டினா. தட்டினதும் விரிஞ்சுது பாருங்க. ஒண்ணுல இருந்து ஒண்ணு, ஒண்ணுல இருந்து ஒண்ணு, திரை முழுக்கப் போயிட்டே இருக்கு. அமுதினிக்குப் பல்லியைக் கண்டா பயம். அமுதினிக்கு சஃப்ரீன்னு ஒரு சிநேகிதி. அமுதினி ஆறாவது படிக்கறப்போ சைக்கிள்ல விழுந்து கை ஒடிஞ்சுது. அமுதினிக்கு மூக்குக் குத்திக்க ஆசை, சித்திகிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கா. பத்தாவதுல கணக்குல மார்க்குக் கம்மி. ப்ளஸ் டூவுல நல்ல மார்க்கு. காலேஜ், தாவரவியல், ரெண்டாம் வருஷம். அதோட நின்னுருச்சு. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

ஜெஸிந்தா அந்த மூலையில தனியா நின்ன குருநாதன்ங்கற வட்டத்தைப் பாத்தா. என்னைப் பாத்தா. "சார்... இது உங்க வீடா சார்?"ன்னா. நான் பதில் சொல்றதுக்குள்ள லேப்டாப்பை மூடிட்டா.

எனக்கு அப்ப ஒண்ணும் புரியலீங்க. நெசமாப் புரியல. ஞாயித்துக்கிழமை வீட்டுல உக்காந்து வீட்டு லேப்டாப்பைத் தொறந்தேன். அதுல எல்லாம் அப்படியே இருக்கு, நான் அறுத்தது ஆபீசுல இருந்த நகலைத்தானே. ஒவ்வொரு கோடாப் பாத்துட்டு வந்தேன். அந்தப் புள்ளைக்கு வயசுன்னு ஒரு இடத்துல போட்டிருந்துச்சு. அதைக் கணக்குப் போட்டுப் பாத்தப்பதான் பொறி தட்டுச்சு.

கல்யாணமாகிக் கொஞ்ச வருஷத்துல கோகிலவாணிக்கு ஒண்ணு தங்கி, அஞ்சாம் மாசம் கலைஞ்சு போச்சு. நர்சம்மா பொம்பளப் புள்ளைன்னு சொன்னாங்க. எல்லா வீட்டுலயும் நடக்கறதுதானுங்களே? ஆஸ்பத்திரில எல்லாக் காகிதத்துலயும் நான்தான் கையெழுத்துப் போட்டேன். அவளை வளர்மதி பொறுப்புல விட்டுட்டு ஆபீசுக்குப் போயிட்டேன். புது வேலைங்க, போகாம முடியுமா? டாக்டரம்மாவே ரெஸ்ட் எடுத்தாச் சரியாயிரும்னுதான் சொன்னாங்க. சரியாயிருச்சு. அவ அதைப் பத்தி அப்புறம் ஒரு வார்த்தை பேசல. நானும் ஞாபகப்படுத்தல. எதுக்குங்கறேன், ஆறின புண்ணைக் கீறிக்கிட்டு.

வருஷக்கணக்கா, நான் ஆபீசுக்குப் போனதும் அவ உக்காந்து அதைப் போட்டிருக்கா. நானும் பாக்காமயே கொண்டுபோய்க் கொண்டுபோய் ஆபீசுல ஏத்தியிருக்கேன். அந்தப் புள்ளை ஊரு உலகமெல்லாம் போயிருக்கு. நான் எழுதி வெச்ச பேருங்களைத்தான் ஜெஸிந்தாவும் மத்தவங்களும் கேட்டாங்க, மகள் இருக்காளான்னு எவனும் கேக்கல, அதனால அது யாரு கண்ணுலயும் படல.

இதுல எனக்குத் தாங்க முடியாதது எது தெரியுங்களா? எனக்குக் கோடு இல்ல. சித்திக்குக் கோடு இருக்கு. சஃப்ரீனுக்கு இருக்கு, அவ யாருன்னே தெரியல. பஸ்சுல தெனமும் டிக்கெட் குடுக்கற கண்டக்டருக்கு இருக்கு தம்பி. அப்பான்னு ஒரு கோடு இல்ல. என் வட்டம் அங்கயேதான் இருக்கு, பக்கத்துல. ஒரு கோடு இழுக்க எவ்வளவு நேரம் ஆகும்? நான் என்ன குடிகாரனா? கை நீட்டினவனா? சம்பளத்தை அப்படியே அவ கையிலதான் குடுத்தேன். இதுதான் எனக்கு இன்னும் புரியல.

ஜெஸிந்தாகிட்டக் கேட்டேன், இப்ப நான் ஒரு கோடு போட்டா என்னம்மான்னு. போடலாம் சார், டேட்டாபேஸ் யாரையும் எதுவும் கேக்காது, உடனே ஏத்துக்கும்னா. கேக்காதுங்கறதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. போடல.

அவ அந்த அத்தியாயத்துல எங்க வீட்டை மொத்தமா எடுத்துட்டு பஸ் ஸ்டாண்டு பேரா மாத்திட்டா. காந்திபுரத்தை அழி, உக்கடத்தை அழி. கடைசில அவளா ஒரு வரி சேத்திருந்தா: அழிக்கும் முன், நீங்கள் போடாத உறவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். தேவையில்லாத வரிதான். விட்டுட்டேன். ஓட்டிப் பாக்காமயே ஒப்புதல் குடுத்த பக்கம் என் வாழ்க்கையில அது ஒண்ணுதான். அவளுக்கு வேலை நிரந்தரம் ஆயிருச்சு, இனிப்புக் கொண்டாந்து குடுத்தா.

எனக்குத்தான் வீடு பழைய மாதிரி இல்ல. எப்படிச் சொல்றது... செவுத்துல பல்லி கத்தினா நெஞ்சு திக்குங்குது, புள்ள பயந்துக்குமேன்னு. எந்தப் புள்ள? சாயங்காலம் காலேஜ் பஸ்சு வந்து தெருமுனையில நின்னா எந்திரிச்சுப் போய் பால்கனில நிக்கறேன். பொண்ணுங்க எறங்கிப் போவாங்க. கடைசிப் பொண்ணும் போறவரைக்கும் நிப்பேன். நான் பேய் பிசாசெல்லாம் நம்பறவன் இல்லீங்க. ஆபீசுல பாத்த அந்தத் திரைதான் கண்ணை விட்டுப் போகமாட்டேங்குது. என்னை அறுத்துட்ட பொறகும் அந்தப் பக்கம் ஆடல, அசையல. அவிய ரெண்டு பேரும், தாயும் புள்ளையும், முழுசா நின்னாங்க.

அதான் இன்னைக்கு தாராபுரம் போய் வளர்மதியைப் பாத்துட்டு வர்றேன். தோட்டத்துல வெங்காயம் காயவெச்சுக்கிட்டு இருந்தா. நேராவே கேட்டேன், அமுதினி யாருன்னு. கையில இருந்த முறம் அப்படியே நின்னுருச்சு.

"உங்களுக்கு எப்படித் தெரியும் மச்சான்?"

சொன்னேன். முறத்தைக் கீழ வெச்சா.

"அக்கா ஒண்ணும் பைத்தியம் இல்ல. அதை முதல்ல தெரிஞ்சுக்கங்க. போன் பண்ணும்போது சொல்லுவா, அமுதினி இன்னைக்கு இப்படிப் பண்ணினாடின்னு. நானும் திட்டுவேன், புள்ளைக்கு ரொம்பச் செல்லம் குடுக்கறேன்னு. ரெண்டு பேரும் சிரிப்போம். அவ்வளவுதான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னாளே. முதமுதல்ல அந்தப் பேரைப் போட்டன்னைக்கு உங்களைக் கூப்பிட்டுக் காட்ட வந்தாளாம். மகள்னு ஒண்ணு சேத்திருக்கேன், பாக்கறீங்களான்னு கேட்டாளாம். நீங்க திரும்பிக்கூடப் பாக்காம, மாதிரி டேட்டாவுல இல்லாததையெல்லாம் போட்டுக் கெடுக்காதேன்னீங்களாம்."

எனக்கு ஞாபகம் இல்லீங்க தம்பி. சொல்லியிருப்பேன். யாரு சேத்தாலும் அதைத்தான் சொல்லுவேன். மாதிரி டேட்டா சுத்தமா இருக்கணும், இல்லன்னா படிக்கறவன் கொழம்பிப் போயிருவான். அதுல என்ன தப்பு? வளர்மதிகிட்டயும் அதைத்தான் சொன்னேன். அவ என்னைப் பாத்த பார்வை இருக்கே. கோவம் இல்ல. கோவமா இருந்தாத் தேவலை.

சாப்பாடு போட்டா. சாப்பிட்டுக் கை கழுவிட்டுக் கெளம்பறேன், வாசல்வரைக்கும் வந்துட்டா.

"மச்சான், அவ இப்ப என்ன பண்ணிட்டு இருக்கா?"

யாரைக் கேக்கறான்னு ஒரு நிமிஷம் தெகைச்சுட்டேன். "ரெண்டாம் வருஷம்னு போட்டிருக்கு. அதோட நின்னுருச்சு"ன்னேன்.

"அக்கா போய் வருஷம் ஒண்ணுக்கு மேல ஆச்சே. புள்ளையை அப்படியே நிக்க வெச்சிருக்கீங்களா?" முந்தானையில மூக்கைத் தொடச்சுக்கிட்டா. "எனக்கு அதெல்லாம் போடத் தெரியாது. தெரிஞ்சவரு நீங்க ஒருத்தருதான். மூணாம் வருஷம் கொண்டுபோய் விடுங்க மச்சான். அப்புறம் எனக்கு போன் பண்ணிச் சொல்லுங்க."

சரின்னுட்டு வந்துட்டேன். வேற என்ன சொல்றது?

பஸ் ஏறினதுல இருந்து யோசிச்சுப் பாக்கறேன் தம்பி. வட்டம் போடத் தெரியும், கோடு போடத் தெரியும், எல்லாம் அத்துப்படி. என்ன போடறதுன்னுதான் தெரியல. அந்தப் புள்ளை எதுக்குச் சிரிக்கும், எதுக்குக் கோவப்படும், ஒண்ணும் தெரியல. கோகிலா சொன்னதுன்னு நெனைச்சுப் பாத்தா, அவ எனக்கு என்ன சொல்லியிருக்கான்னே...

நீங்க காலேஜ் முடிச்சுட்டீங்கன்னுதானே சொன்னீங்க? கூடப் பொறந்த தங்கச்சி யாராச்சும் இருக்குங்களா? சும்மாத்தான் கேக்கறேன், தப்பா நெனைச்சுக்காதீங்க. மூணாம் வருஷம் படிக்கற பொண்ணுங்க, காலைல எந்திரிச்சதும் முதல்ல என்ன பண்ணுவாங்க?